இரை விலங்குகளின் உணவுக் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

பாம்பு, ஓணான் இனங்கள், வேட்டைப் பறவைகள் போன்ற ஊனுண்ணிகளுக்காக எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றை வீட்டிலேயே வளர்ப்பவர், ஒரு விலங்கின் உணவைத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டே இரண்டு விலங்குகளின் உணவைத் தேர்ந்தெடுக்கிறார். இரையின் கொழுப்பு, எலும்பு, ஈரல், குடலில் செரிக்காமல் இருக்கும் தீனி ஆகிய அனைத்தும் அதை விழுங்கும் விலங்கின் வயிற்றுக்குள் போய்ச் சேர்கின்றன. ஆகவே தீவனத்தில் நேரும் பிழை முதலில் கூண்டிலும், சில மாதங்கள் கழித்து ஊனுண்ணியின் உடலிலும் தெரியவரும். ஏதேனும் கோளாறு தென்பட்டவுடன் சத்துமாவு, சொட்டுமருந்து, எண்ணெய் என்று எதையாவது சேர்க்கவே பலரும் முனைகிறார்கள். ஆனால் பெரும்பாலான வேளைகளில் தேவைப்படுவது, ஏற்கெனவே கொடுத்துவரும் ஒன்றை நிறுத்துவதுதான். கீழ்க்காணும் வழிமுறை அந்த வரிசையிலேயே அமைந்துள்ளது.

எந்த அறிகுறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

முதலில் தண்ணீரைப் பாருங்கள். புட்டி நிறைந்திருப்பது தண்ணீர் கிடைக்கிறது என்பதற்குச் சான்றாகாது. குழாயின் நுனியில் உள்ள குண்டு இறுகிக்கொண்டாலும், உள்ளே காற்றுக்குமிழ் சிக்கிக்கொண்டாலும் நிறைந்த புட்டியின் அடியிலேயே விலங்கு தாகத்தில் வாடும். விரல் நுனியால் குண்டை அழுத்தி, துளி விழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். தண்ணீர் குடிக்காத எலியும் முயலும் உலர்தீவனம் உண்பதையும் குறைத்துவிடுவதால், வளர்ப்பவர் தீவனத்தைச் சந்தேகிக்கத் தொடங்குவார். வளர்ந்த சுண்டெலி நாளொன்றுக்கு 4 முதல் 7 மில்லிலிட்டரும், எலி 25 முதல் 45 மில்லிலிட்டரும் குடிக்கும். முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 முதல் 150 மில்லிலிட்டர் வரை தேவைப்படும். பாலூட்டும் தாய்களுக்கும் வெப்பமான நாட்களுக்கும் இந்த அளவு போதாது.

அடுத்து, தீவனப் பையில் அச்சிட்டுள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். தயாரித்து 6 மாதங்களுக்கு மேலான தீவனத்தில் வைட்டமின் அளவுகளை நம்ப முடியாது. வெப்பமும் ஈரமும் படும் இடத்தில் வைத்திருந்தால் அந்தக் காலம் இன்னும் சுருங்கும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ பூசண வாடையோ வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை, பையை அப்புறப்படுத்துங்கள்.

கடைசியாக, கடந்த இரண்டு வாரங்களில் எது மாறியது என்று நினைவுகூருங்கள். புதிய தீவனத்தைப் பழையதுடன் கலந்து 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றாமல் ஒரே நாளில் மாற்றியிருந்தால், குறிப்பாக முயல்களில், வேறு காரணம் தேடும் முன் அதையே காரணமாகக் கொள்ளலாம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சரியான உணவு எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எலிக்கும் சுண்டெலிக்கும், ஆய்வுக்கூட எலிகளுக்கென்று தயாரிக்கப்படும் முழுச்சத்துக் கட்டித் தீவனமே அடிப்படை. இனப்பெருக்கத்தில் இருப்பவற்றுக்கும் வளரும் குட்டிகளுக்கும் புரதம் 18 முதல் 23 விழுக்காடும், கொழுப்பு 5 முதல் 10 விழுக்காடும் இருக்கலாம். ஓய்வில் இருக்கும் பெரிய எலிகளுக்கு 14 முதல் 16 விழுக்காடு புரதம் போதும். முயலுக்கு எப்போதும் தீராத உலர்புல் அடிப்படையாக இருக்க வேண்டும். அதனுடன் வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 16 முதல் 18 விழுக்காடு புரதமுள்ள குச்சித் தீவனத்தை வயிறு நிறையக் கொடுக்கலாம். ஓய்வில் இருக்கும் பெரிய முயலுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 25 கிராம் போதும்.

கிண்ணத்தில் சில தானியங்கள் மட்டும் மிஞ்சுகின்றன, விலங்குகள் கொழுக்கின்றன

பல தானியங்களும் விதைகளும் கலந்த தீவனம் கொடுப்பவர்களின் கூண்டில் இது தவறாமல் நடக்கும். எலி முதலில் சூரியகாந்தி விதையைப் பொறுக்கித் தின்னும். பிறகு நிலக்கடலை, பிறகு மக்காச்சோளம். கடைசியில் மிஞ்சுவது தாதுக்களும் வைட்டமின்களும் அடங்கிய பழுப்புநிறக் குச்சிகள். பையின் மேல் அச்சிட்டுள்ள சத்துப் பட்டியல் முழுப் பையையும் தின்னும் விலங்குக்கு உரியது; பொறுக்கித் தின்னும் விலங்குக்கு அது பொருந்தாது. தோல் நீக்கிய சூரியகாந்தி விதையின் எடையில் பாதியளவு கொழுப்பே. அதில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு.

திருத்துவது எளிது. கலவைத் தீவனத்தைக் கட்டித் தீவனத்துக்கு மாற்றுங்கள். உடனடியாக முடியாவிட்டால், மிஞ்சியதைத் தின்று முடிக்கும் வரை கிண்ணத்தை மீண்டும் நிரப்பாதீர்கள். வளர்ந்த சுண்டெலிக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராமும், எலிக்கு 15 முதல் 25 கிராமும் ஆகும் என்பதை வைத்துக் கணக்கிட்டால் எவ்வளவு வீணாகிறது என்பதும் தெரிந்துவிடும். நாய்த் தீவனத்தை முழு உணவாகக் கொடுப்பவர்களும் இந்தப் பகுதிக்கே உரியவர்கள். பல நாய்த் தீவனங்களில் புரதமும் கொழுப்பும் எலியின் தேவைக்கு மேற்பட்டவை. பாலூட்டும் தாய்க்குச் சில துண்டுகள் கொடுப்பதில் தவறில்லை. ஆண்டு முழுவதும் கொடுத்தால் பெரிய எலிகள் கொழுத்து, அவற்றின் சிறுநீரகமும் பழுதடையும்.

தாய் எலி குட்டிகளைத் தின்கிறது, அல்லது குட்டிகள் வளராமல் மெலிகின்றன

இந்த அறிகுறிக்கு உணவு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. முதல் ஈற்று, கூண்டில் நெரிசல், ஓயாத சத்தம், கூட்டைக் கிளறிப் பார்க்கும் மனிதக் கை ஆகியவையும் தாயைக் குட்டி தின்ன வைக்கும். செத்துப் பிறந்த குட்டியைத் தாய் தின்பது இயல்பே. ஆகவே முதலில் பால் கிடைக்கிறதா என்பதைப் பார்த்து, அதன் பிறகு தீவனத்துக்கு வாருங்கள்.

பால் கிடைக்கிறதா என்பதை அறியத் தாயைப் பிடிக்க வேண்டியதில்லை. பிறந்து சில நாட்களே ஆன, முடி முளைக்காத குட்டியின் வயிற்றில் இடப்பக்கம், விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலின் வழியாக ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். இரைப்பையில் நிறைந்திருக்கும் பால்தான் அது. எல்லாக் குட்டிகளிடமும் அந்தத் திட்டு பெரிதாகத் தெரிந்தால் பாலில் குறையில்லை. சிலவற்றிடம் மட்டும் தெரிந்தால், குட்டிகளின் எண்ணிக்கை தாயின் சக்தியை மிஞ்சியிருக்கிறது. சில குட்டிகளை அதே நாளில் ஈன்ற வேறு தாயிடம் சேர்த்துவிடலாம். எதனிடமும் தெரியாவிட்டால் உடனே தாயின் தண்ணீரையும் தீவனத்தையும் பார்க்க வேண்டும்.

பாலூட்டும் எலியின் உணவுத் தேவை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்காக உயரும். கிண்ணத்தை நாளுக்கு ஒருமுறை அதே அளவில் நிரப்பும் பழக்கம் உள்ளவரிடம் தாய் பட்டினி கிடப்பது இதனால்தான். ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து குட்டிகள் பால் மறக்கும் வரை தாயின் முன்னால் தீவனம் எந்நேரமும் இருக்க வேண்டும். வேகவைத்த முட்டையில் ஒரு சிறு துண்டு கூடுதலாகக் கொடுக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எலியும் சுண்டெலியும் ஈன்ற 24 மணி நேரத்துக்குள் மீண்டும் சினைப்படும் இயல்புடையவை. ஆணை உடன் விட்டுவைத்தால் தாய் ஒரே வேளையில் ஓர் ஈற்றுக்குப் பாலூட்டி, அடுத்த ஈற்றைச் சுமக்கும். அப்படித் தொடர்ந்து ஈன்ற தாயின் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும் நிலைக்கு வந்துவிட்டால் எந்தத் தீவனமும் ஈடுசெய்யாது; ஆணைப் பிரிப்பதே மருந்து.

முயல் குட்டிகளைப் பற்றி வரும் கவலைகளில் பாதி தேவையற்றவை. தாய் முயல் நாளுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் மட்டுமே பாலூட்டும். நாள் முழுதும் கூட்டுக்கு வெளியே இருப்பது புறக்கணிப்பு அன்று. குட்டியின் வயிறு உருண்டு, தோல் விறைப்பாக இருந்தால் அது குடித்திருக்கிறது. தோல் சுருக்கம் விழுந்து, குட்டி கூட்டைவிட்டு நகர்ந்து கிடந்தால் குடிக்கவில்லை.

சினை பிடிப்பதில்லை, குட்டிகளின் எண்ணிக்கை குறைகிறது

மெலிவைவிடக் கொழுப்பையே முதலில் சந்தேகியுங்கள். கொழுத்த பெண் முயலில் சினை பிடிப்பது குறையும். பிடித்தாலும் சினைக் காலத்தின் கடைசி வாரத்தில் அது தீனியை நிறுத்திச் சோர்ந்து, சினை நச்சு நிலைக்குப் போய் இறக்கக்கூடும். முதுகைத் தடவும்போது முதுகெலும்பின் முகடுகள் மெல்லத் தட்டுப்பட வேண்டும்; தட்டுப்படவே இல்லையென்றால் குச்சித் தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து உலர்புல்லைக் கூட்ட வேண்டும். சினையாக இருக்கும்போது திடீரென்று பட்டினி போட்டு இளைக்கவைக்க முயல்வது ஆபத்து.

எடை சரியாக இருந்தால் தீவனத்தின் வயதைப் பாருங்கள். பழைய தீவனத்தில் வைட்டமின் ஏ, ஈ ஆகியவை குறைந்துவிடும். இவ்விரண்டின் குறையும் கருத்தங்காமைக்கும் குட்டிகளின் சாவுக்கும் வழிவகுக்கும். ஆனால் வைட்டமின் ஏ அளவு மீறினாலும் ஏறத்தாழ அதே கேடுகள்தான் முயலில் நேரும் என்பதால், சொட்டுமருந்து சேர்க்காமல் புதிய பையை வாங்குவதே பாதுகாப்பு. 30 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் தொடர்ந்தால் ஆண் முயலின் விந்தின் தரம் கெடும். அதற்கும் தீவனத்துக்கும் தொடர்பில்லை.

முடி கொட்டுகிறது, தோலில் பொருக்கு விழுகிறது

புரதம் மிகுந்தால் எலிக்குச் சொறி வரும் என்ற கருத்து வளர்ப்பவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. என் மதிப்பீட்டில், தீவனத்தை மாற்றும் முன் பேனுண்ணிகளைத் தேடுவதே முறை. கழுத்திலும் தோளிலும் சொறிந்த காயங்கள் இருந்தால் உண்ணியின் வாய்ப்பே அதிகம். மீசையும் முகத்து முடியும் கத்தரித்தாற்போல் இருந்து, தோலில் காயமே இல்லாவிட்டால், கூண்டிலுள்ள மற்றொரு சுண்டெலி அதைக் கடித்து மழித்திருக்கிறது. இவ்விரண்டும் இல்லை என்று உறுதியான பின்னரே சிக்கெடுத்த தீவனம், கொழுப்புச்சத்துக் குறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உண்ணிக்கு ஐவர்மெக்டின் கொடுத்த எலியை இரையாக்க வேண்டாம். அந்த மருந்து ஆமைகளைக் கொல்லும்.

எலியின் கண்ணிலும் மூக்கிலும் வழியும் சிவப்பு நீர் பெரும்பாலும் இரத்தம் அன்று. கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியிலிருந்து வரும் நிறமி. அது நோயையோ அழுத்தத்தையோ காட்டுகிறதே அன்றி, எந்தச் சத்துக் குறை என்பதைக் காட்டாது.

முயல் தீனியை நிறுத்திவிட்டது, புழுக்கை சிறுத்துவிட்டது

இந்த ஓர் அறிகுறியில் மட்டும் வழிமுறையைப் படித்துக்கொண்டிருக்க நேரமில்லை. 12 மணி நேரமாக எதையும் உண்ணாமல், புழுக்கையும் போடாமல் இருக்கும் முயலை அவசர நோயாளியாகக் கருதிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். வயிறு உப்பிக் கல்லாக இருந்தால் அந்த 12 மணி நேரத்துக்கும் காத்திருக்கக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆரோக்கியமான முயலின் இரைப்பை முற்றிலும் காலியாவதும் இல்லை. உள்ளே இருப்பது நகராமல் நின்றுவிட்டால் வாயு சேர்ந்து, வலி மிகுந்து, வலியால் உண்ணாமல், உண்ணாததால் குடல் மேலும் நிற்கும்.

நிலைமை அவ்வளவு முற்றாதபோது புழுக்கையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கிப் பாருங்கள். நலமான முயலின் புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில், வெளிர்ப் பழுப்பாக இருக்கும். நசுக்கினால் உதிர்ந்து, உள்ளே புல்லின் நார்கள் தெரியும். நார் குறைந்த உணவில் அது சிறுத்து, கறுத்து, இறுகி, ஒன்றுக்கொன்று அளவு மாறிவரும். புழுக்கைகள் முடியால் கோத்த மாலைபோல் வந்தால் முயல் முடி உதிர்க்கும் காலத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து உலர்புல்லே. முடி உருண்டை அடைத்துக்கொண்டது என்று சொல்லப்படும் பல நிகழ்வுகளில் முடி காரணமாக இருப்பதில்லை. நார் குறைந்து குடல் மந்தமானதால் வழக்கமாக வெளியேறும் முடி தங்கிவிட்டிருக்கும். எனவே முடியைக் கரைப்பதாகச் சொல்லிப் பழச்சாறு புகட்டுவதால் பயனில்லை. அதிலுள்ள சர்க்கரை நிலைமையைக் கெடுக்கவும் கூடும்.

பால் மறந்த முயல் குட்டிகள் கழிந்து, ஓரிரு நாளில் சாகின்றன

4 முதல் 8 வார வயது முயலுக்கு மிகவும் இக்கட்டான காலம். பாலை விட்டுத் தீவனத்துக்கு மாறும் இந்தக் கட்டத்தில் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை இன்னும் உறுதிப்பட்டிருக்காது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் சிறுகுடலில் முழுமையாகச் செரிக்காமல் குருட்டுக்குடலை அடைந்தால், அங்கே கிளாஸ்ட்ரிடியம் இன நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சை உண்டாக்கும். மாலையில் துள்ளிய குட்டி காலையில் செத்துக் கிடப்பது இதன் வழக்கம்.

மக்காச்சோளம், கோதுமை, ரொட்டி ஆகியவற்றை முழுமையாக நிறுத்துங்கள். குட்டிகள் கூட்டை விட்டு வெளிவரும் மூன்றாம் வாரத்திலிருந்தே, தாய் உண்ணும் அதே உலர்புல்லும் அதே குச்சித் தீவனமும் அவற்றுக்கு எட்ட வேண்டும். பால் மறந்த நாளிலேயே தீவனத்தையும் மாற்றினால் இரண்டு அதிர்ச்சிகள் ஒன்றாகச் சேரும். இத்தனையும் செய்து சாவு தொடர்ந்தால் புழுக்கையைச் சோதனைக்குக் கொடுங்கள். காக்சிடியா ஒட்டுண்ணியும் இதே வயதில் இதே கழிச்சலை உண்டாக்கும்; இறந்த குட்டியின் ஈரலில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் ஐயம் வலுக்கும். வீட்டில் எஞ்சியிருக்கும் அமாக்சிசிலின் போன்ற மருந்தை வாய்வழி கொடுத்துவிடாதீர்கள். அது நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையும் கினி எலியையும் கொன்றுவிடும்.

பெரிய முயலின் பின்புறத்தில் களிபோன்ற புழுக்கை ஒட்டியிருப்பது கழிச்சலோடு குழப்பிக்கொள்ளப்படும் வேறொன்று. முயல் நாள்தோறும் மென்மையான, பளபளப்பான ஒருவகைப் புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து உண்டு, அதிலுள்ள புரதத்தையும் பி வகை வைட்டமின்களையும் பெறுகிறது. குச்சித் தீவனம் மிகுந்தால் அது தேவைக்கு மேல் உருவாகி மிஞ்சும். உடல் கொழுத்தால் வாய் எட்டாது. இரண்டிலும் குச்சியைக் குறைப்பதே வழி.

சிறுநீர் வெள்ளையாக, அல்லது சிவப்பாக இருக்கிறது

முயல் உணவிலுள்ள கால்சியத்தைத் தேவைக்கு மேலேயே உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். ஆகவே ஓரளவு கலங்கல் இயல்பு. காய்ந்த இடத்தில் சுண்ணாம்புக் குழம்புபோல் படிந்தால், குதிரைமசாலை வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஒதுக்கிவிட்டு, மற்ற பெரிய முயல்களுக்குச் சாதாரணப் புல்வகை உலர்தீனியைக் கொடுங்கள். சிவப்பு நிறம் பெரும்பாலும் நிறமிகளால் வருவது. துளித்துளியாகவோ கட்டியாகவோ சிவப்பு தெரிந்தால் மட்டும் இரத்தம் என்று கொண்டு மருத்துவரை நாடுங்கள்.

வாயில் எச்சில் வழிகிறது. தீனியைக் கவ்விக் கீழே போடுகிறது

முயலின் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. கட்டை கொடுத்தால் முன்பற்கள் தேயும். கடைவாய்ப் பற்கள் தேய்வதற்கு உலர்புல்லைப் பக்கவாட்டில் அரைத்து மெல்ல வேண்டும். குச்சித் தீவனம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் இரண்டு கடியில் நொறுங்கிவிடும். வளைந்து வளர்ந்த பற்களை மருத்துவரே சீர்செய்ய வேண்டும். பிறவியிலேயே தாடை பொருந்தாத விலங்கை இனப்பெருக்கத்துக்கு வைக்க வேண்டாம்.

கினி எலி நொண்டுகிறது, மூட்டைத் தொட்டால் கத்துகிறது

எலியும் சுண்டெலியும் முயலும் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினி எலியால் முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், சினையாக இருந்தால் 30 மில்லிகிராமும் உணவில் கிடைக்க வேண்டும். முயல் தீவனத்தில் கினி எலியையும் சேர்த்து வளர்ப்பவர்களிடம் இந்தக் குறை வருவது உறுதி. அதற்கென்றே உள்ள தீவனத்திலும் தயாரித்து மூன்று மாதங்களுக்குள் வைட்டமின் சி பெருமளவு குறைந்துவிடும். பச்சைக் குடைமிளகாய் நாள்தோறும் ஒரு துண்டு நல்ல துணை. தண்ணீரில் கலக்கும் மருந்து ஒளிபட்டு விரைவில் சிதையும்.

கூண்டில் குறையில்லை, உண்ணும் விலங்கிடம் குறை தெரிகிறது

ஊனுண்ணி கொழுத்துக்கொண்டே போனால், அதற்குப் போகும் இரையின் வயதைப் பாருங்கள். இனப்பெருக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற கொழுத்த பெரிய எலிகளையே தொடர்ந்து கொடுப்பது வழக்கமான காரணம். இளம் எலியில் கொழுப்பு குறைவு; முயலில் அதைவிடவும் குறைவு. எதிர்முனையில், முடி முளைக்காத குட்டிகளை மட்டுமே உண்டு வளரும் விலங்குக்குக் கால்சியம் குறையலாம், ஏனெனில் அந்தக் குட்டிகளின் எலும்பு இன்னும் இறுகவில்லை. விழுங்க முடிகிற அளவு வந்ததும் முடி முளைத்த இரைக்கு மாறிவிட வேண்டும். உறையவைத்த இரையில் வைட்டமின் ஈ நாளடைவில் குறையும். பொட்டலத்தில் தேதி எழுதி, 6 மாதங்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஒரே நாளில் பல விலங்குகள் சாகின்றன

தீவனத்தை அந்த நொடியே நிறுத்துங்கள். பூசணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் உருவாகும் அஃப்ளாடாக்சின் ஈரலைத் தாக்கும். வேகவைத்தாலும் அது முழுமையாக அழியாது, முயலால் அதைத் தாங்கவும் இயலாது. பூசணத்தை மட்டும் தட்டிவிட்டு எஞ்சியதைக் கொடுப்பது இதனால்தான் பயனற்றது. அதேபோல், காக்சிடியா தடுப்புக்காக சாலினோமைசின் கலந்த கோழித் தீவனம் முயலுக்கு நஞ்சாகும். வேறு இனத்துக்கான தீவனத்தை அவசரத்துக்கு வாங்கியிருந்தால் பையின் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். காட்டெலிகள் பையைக் கடித்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் அவற்றின் சிறுநீர் வழியே நோய் பரவும்.

இறந்தவற்றில் ஒன்றைக்கூட இரையாகக் கொடுக்காதீர்கள். உயிரோடிருக்கும் கூண்டுத் தோழர்களையும் காரணம் தெரியும் வரை ஒதுக்கி வையுங்கள். சந்தேகத்துக்குரிய பையிலிருந்து ஒரு கைப்பிடித் தீவனத்தை மூடிய உறையில் இட்டு, பையின் தேதியையும் தொகுதி எண்ணையும் அதன்மேல் எழுதி வையுங்கள். இறந்த விலங்குகளில் ஒன்றை உறையவைக்காமல், குளிரில் மட்டும் வைத்து அத்துடன் சேர்த்துக் கொண்டுசென்றால், மருத்துவரால் ஈரலையும் குடலையும் அறுத்துப் பார்த்துக் காரணத்தைச் சொல்ல இயலும்.